திருகும் லென்ஸ், பூட்டும் லென்ஸ்

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். 2009 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. அந்தி வெளிச்சத்தில் படம் எடுக்க வருபவர்களுக்கு அங்கே குறைவில்லை. அப்படி வரும் ஒருவர் கையில் நைக்கோன் எஸ்.எல்.ஆர். கமராவும் அதன் முகப்பில் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் இணைப்பது மலிவான ஓர் உலோக வளையம். லென்ஸ் ஆடாமல் அசையாமல் உட்காரும். பக்கத்தில் நிற்கும் நண்பரின் முகம் பளிச்சென்று விழும். ஆனால் பாலத்தின் மறுமுனையும் விழாது, குடாவில் போகும் தோணியும் விழாது. ஏறக்குறைய 3.3 மீற்றருக்கு அப்பால் உள்ள எதையும் அந்த லென்ஸால் தெளிவாகப் பிடிக்க முடியாது, குவிய வளையத்தை எவ்வளவு திருப்பினாலும்.

இதற்கெல்லாம் காரணம் 1.04 மில்லிமீற்றர்.

லென்ஸ் கமராவின் முகத்தில் உட்காரும் தளத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. ஒவ்வொரு கமரா இனத்துக்கும் அது மாறாத அளவு. ஹீலியோஸ் எம்42 எனப்படும் மரை இனத்தைச் சேர்ந்தது. அதன் தூரம் 45.46 மி.மீ. நைக்கோனின் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. ஆகவே இணைப்பு வளையம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் லென்ஸ் தனக்குரிய இடத்திலிருந்து குறைந்தது 1.04 மி.மீ. முன்னே தள்ளித்தான் நிற்கும். 58 மி.மீ. குவியத்தூரம் கொண்ட லென்ஸுக்கு இந்தச் சிறு தள்ளலே போதும், தொலைவானம், அதாவது வெகுதொலைவில் உள்ளவற்றின் தெளிவு, பறிபோய்விடும். வளையத்துக்குள் ஒரு சிறு கண்ணாடியை வைத்து இதைச் சரிக்கட்டுபவர்கள் உண்டு. அந்தக் கண்ணாடி படத்தின் தரத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

லென்ஸ் மவுண்ட் என்றால் லென்ஸைக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும் பாகம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பிடிப்பது அதன் பாதி வேலை. மீதிப் பாதி, லென்ஸைச் சரியான தூரத்தில், சரியான சாய்வில், சரியான கோணத்தில் நிறுத்துவது. எஃப் 2 அப்பர்ச்சரில் படத்தளத்தருகே அனுமதிக்கக்கூடிய பிழை, வழக்கமான கணக்கின்படி, முன்னும் பின்னும் சேர்த்து 0.12 மி.மீ. மட்டுமே. தினமும் கழற்றி மாட்டப்படும் ஓர் உலோகப் பொருத்தம் அந்த எல்லைக்குள் நின்று காட்ட வேண்டும்.

நிறுத்தும் வழிகள் இரண்டு. நம் வீடுகளில் மின்குமிழ் மாட்டும் இரண்டு விதங்களும் இவைதான்: பல சுற்றுத் திருகி ஏற்றும் ஸ்குரூ வகை, அழுத்திச் சற்றே திருப்பிப் பூட்டும் பின் வகை. கமராவில் முதலாவதை மரை மவுண்ட் என்றும் இரண்டாவதை பயனெட் மவுண்ட் என்றும் சொல்கிறோம். மரை லென்ஸை ஏற்ற மூன்று நான்கு சுற்று வேண்டும். பயனெட் லென்ஸின் பின்புறம் பெரும்பாலும் மூன்று காதுகள் இருக்கும். கமராவின் இடைவெளிகளுக்குள் அவை நுழையும், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் உள்ளிருக்கும் வில்தகடுகள் லென்ஸைப் பின்னால் இழுத்து உடலோடு ஒட்டவைக்கும், ஒரு முள் ‘டக்’கென்று விழுந்து பூட்டும். இரண்டிலும் தூரத்தை நிர்ணயிப்பது மரையோ காதோ அன்று. லென்ஸின் உலோகத் தோள் கமராவின் வளையத்தில் தட்டையாக அமரும் அந்தத் தொடுகைதான் அளவு. ஆகையால் நன்றாகக் கடைந்த மரை மவுண்ட் துல்லியத்தில் பயனெட்டுக்குச் சளைத்ததில்லை. மரை தோற்றது வேறொரு இடத்தில்.

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கி செய்துவந்த லைட்ஸ் நிறுவனம் 1925இல் லைக்காவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல் மரை வந்தது: 39 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 26 சுற்று. மெற்றிக் அளவைப் பழகிய நாட்டில், மெற்றிக் கமராவில், பிரித்தானியாவின் விட்வர்த் மரை. நுண்ணோக்கிப் பொருள்வில்லைகளுக்கு லண்டன் நுண்ணோக்கிச் சங்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த பொது மரையும் அதே விட்வர்த் வடிவம்தான். அந்தத் தொழிலில் ஊறிய கைகளுக்கு அது புதிதாக இருந்திருக்காது. முதல் ஆண்டில் ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட கமராவுக்கென்றே தனித்தனியாகச் சரிசெய்யப்பட்டது. ஒருவரின் லென்ஸ் இன்னொருவர் கமராவில் ஏறும், ஆனால் தெளிவு வருமென்ற உறுதி இல்லை. 1931இல் தூரம் 28.8 மி.மீ. என்று நிலைநிறுத்தப்பட்டது. அப்படித் தரப்படுத்தப்பட்ட உடல்களின் வளையத்தில் ஒரு சிறு ‘0’ பொறிக்கப்பட்டது. எந்த லென்ஸும் எந்த உடலிலும் வேலை செய்யும் என்பதற்கு அந்த வட்டம் சாட்சி.

இலங்கையின் புகைப்படக் கலை அந்தக் காலத்தில்தான் உலகத்தின் கண்ணில் பட்டது. ரோலைஃபிளெக்ஸையும் லைக்காவையும் கையாண்ட லயனல் வெண்ட், 1938இல் லைட்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமாக்கிய ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் பயன்படுத்தியதும் லைக்காதான். பயனெட் பூட்டுள்ள லைக்கா வர அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பெரும்பாலும் 50 மி.மீ. என்ற ஒரே லென்ஸோடு வேலை செய்தவருக்கு, மாற்றும் வேகம் ஒரு பொருட்டாக இருந்திருக்க நியாயமில்லை. மவுண்டைப் பற்றிய விவாதம் லென்ஸ் மாற்றுபவர்களுடையது என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே 1950இல் ஜப்பானில் இன்னொன்று நடந்தது. ‘லைஃப்’ இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், நிப்பொன் கோகாகு (இன்றைய நைக்கோன்) நிறுவனத்தின் நிக்கோர் லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்து வியந்தார். அவற்றைத் தன் லைக்காவில் மாட்டிக்கொண்டு கொரியப் போர்முனைக்குப் போனார். போரில் தோற்று எழுந்து நிற்க முயன்ற ஒரு நாட்டின் லென்ஸ், ஜேர்மன் கமராவின் முகத்தில் ஏறி, அமெரிக்க இதழின் பக்கங்களை அடைந்தது. லைக்காவின் மரையை எவரும் கடைந்துகொள்ள முடிந்ததால்தான் இது நடந்தது. ஜப்பானிய லென்ஸ் தொழிலுக்கு உலகக் கதவைத் திறந்துவிட்டதில் அந்த 39 மி.மீ. மரைக்குப் பெரிய பங்கு உண்டு. மரை மவுண்டைப் பழையது என்று ஒதுக்கும் எழுத்துகளில் இந்தச் செய்தி உரிய இடம் பெறுவதில்லை.

மரை முதலில் வந்தது, பயனெட் பின்னால் வந்து அதை வென்றது என்ற நேர்கோட்டுக் கதையும் பொருந்தாது. சைஸ் ஐகோனின் கொன்டாக்ஸ் 1932இலேயே பயனெட்டோடு வந்துவிட்டது. 1936இல் வந்த கீனே எக்ஸாக்டாவும் பயனெட்தான். இரண்டு முறைகளும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. 1954இல் லைக்கா எம்3 தன் மரையைக் கைவிட்டு பயனெட்டுக்கு மாறியபோது செய்த ஏற்பாடு போற்றத்தக்கது. புதிய தூரத்தை 27.8 மி.மீ. என்று வைத்தார்கள், பழையதைவிடச் சரியாக 1 மி.மீ. குறைவு. அந்த இடைவெளியில் 1 மி.மீ. தடிப்புள்ள ஒரு வளையம் அடங்கிவிடும். அதுவரை விற்ற தரப்படுத்தப்பட்ட மரை லென்ஸ்கள் அத்தனையும் தூரக் கணக்குப் பிசகாமல் புதிய உடலில் ஏறின. பழைய லென்ஸ் வைத்திருப்பவரை நடுத்தெருவில் விடாத மாற்றம் அது.

எஸ்.எல்.ஆர். உலகில் மரையின் பொற்காலம் 1949இல், கிழக்கு ஜேர்மனியின் டிரெஸ்டனில் இருந்து வந்த கொன்டாக்ஸ் எஸ், பிராக்டிகா கமராக்களோடு தொடங்கியது. 42 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1 மி.மீ. ஏற்றம். 1957இல் அசாஹி பென்டாக்ஸ் அதையே எடுத்துக்கொண்டது. யஷிகா, மாமியா, ரிக்கோ, சினோன், ஃபுஜிக்கா, ஒலிம்பஸ் எஃப்.டி.எல்., சோவியத் செனித் என்று வரிசை நீண்டது. மொஸ்கோ அருகே கடைந்த லென்ஸ் தோக்கியோவில் செய்த உடலில் ஏறும். பனிப்போர்க் காலத்தில் இரண்டு முகாம்களும் பேதமில்லாமல் பகிர்ந்துகொண்ட மிகச் சில பொருத்தங்களில் இதுவும் ஒன்று. ஒரு உடலை வாங்கியவர் ஒரு நிறுவனத்துக்கே வாழ்நாள் வாடிக்கையாளராகிவிட வேண்டிய கட்டாயம் அதில் இருக்கவில்லை.

ஆனால் பொதுவழியிலும் பள்ளங்கள் உண்டு. தொடக்கக்கால செனித் கமராக்களின் மரையும் 39 மி.மீ. விட்டம்தான். லைக்கா லென்ஸ் அதில் ஏறுவதுபோலத் தெரியும். ஆனால் செனித்தின் தூரம் 45.2 மி.மீ., லைக்காவுக்கோ 28.8. மாட்டினால் மூக்கருகே இருப்பது மட்டுமே தெரியும். கெனன் நிறுவனம் போருக்கு முந்திய கமராக்கள் சிலவற்றில் 39 மி.மீ. விட்டத்தில் அங்குலத்துக்கு 24 சுற்று மரையைக் கடைந்தது. லைக்கா லென்ஸ் அதில் தொடங்கும், பாதியில் இறுகி நின்றுவிடும். இவற்றிலும் மோசமான பொறி டி-மரை. தொலைநோக்கியோடு கமராவை இணைப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விட்டம் எம்42 போலவே 42 மி.மீ., ஏற்றம் மட்டும் 0.75 மி.மீ. தவறான சோடியைக் கோத்தால் ஒரு சுற்று இலகுவாகப் போகும், அடுத்ததில் கனக்கும். பலம் கொடுத்தால் மெல்லிய அலுமினிய மரை நசிந்துவிடும், அதற்குப் பிறகு சரியான லென்ஸும் அதில் ஏறாது.

கைப்பழக்கம் உள்ளவர்கள் மரை லென்ஸை நேரே திருகத் தொடங்குவதில்லை. முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்புவார்கள். மரையின் இரண்டு தொடக்க முனைகளும் ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் லென்ஸ் ஒரு மயிரிழை கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்தி, திசை மாற்றி, இரண்டு விரல் பலத்திலேயே ஏற்றுவார்கள். கனத்தால் உடனே திருப்பிக் கழற்றிவிடுவார்கள். பயனெட்டில் இந்தச் சிக்கல் இல்லை; சிவப்புப் புள்ளியோடு புள்ளியைச் சேர்த்தால் போதும், இருட்டில் விரலால் தடவியே மாட்டிவிடலாம்.

மரையை வீழ்த்தியது ஒளிமானி. 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பொட்மெட்டிக்கில் கமராவுக்குள்ளேயே ஒளி அளக்கும் கருவி இருந்தது. ஆனால் அளக்கும்போது லென்ஸின் அப்பர்ச்சரைத் தேர்ந்த அளவுக்குச் சுருக்கியாக வேண்டும், வியூஃபைண்டர் இருண்டுவிடும். லென்ஸை முழுதாகத் திறந்த நிலையிலேயே ஒளியை அளக்க வேண்டுமானால் அப்பர்ச்சர் வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்று லென்ஸ் கமராவுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு நெம்புகோல் வேண்டும். அது ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் வந்து நிற்கவும் வேண்டும். மரையோ இறுகும் இடத்தில் நிற்கும். ஒரு லென்ஸ் உச்சிக்கோட்டுக்குச் சற்று முன்னே இறுகும், இன்னொன்று சற்றுப் பின்னே. தோள் தேய்ந்தால் அதுவும் மாறும். தூரத்தில் இம்மியும் பிசகாத மரை கோணத்தில் உறுதி தரவில்லை. அதன் தோல்வி முழுவதும் இந்த ஒரே குறையில் அடங்கியிருக்கிறது.

தீர்வுகள் வந்தன. 1969இல் பிராக்டிகா எல்.எல்.சி. மூன்று மின்முனைகளை மவுண்டில் பதித்து, அப்பர்ச்சர் எண்ணை மின்சாரமாகக் கடத்தியது. பின்னாளைய மின்னணு லென்ஸ்களின் விதை அதில் இருந்தது. பென்டாக்ஸ் தன் லென்ஸில் ஒரு பூட்டுமுள்ளும் நெம்புகோலும் சேர்த்தது. ஒலிம்பஸும் ஃபுஜிக்காவும் தத்தம் வழியில் வேறு பூட்டுகளைச் சேர்த்தன. விளைவு வேதனையானது. பெரும்பாலான லென்ஸ்கள் பெரும்பாலான உடல்களில் ஏறின. ஆனால் ஒளியளவு ஒன்றோடொன்று பேசவில்லை. பொது மரையின் மேல் ஒவ்வொருவரும் தனி வேலி போட்டுவிட்டார்கள். 1975இல் பென்டாக்ஸ் கே பயனெட்டுக்கு மாறியது, தூரத்தை மட்டும் அதே 45.46 மி.மீ. என்று வைத்துக்கொண்டு. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிராக்டிகாவும் பயனெட் வரிசையைத் தொடங்கியது. ஏற்கெனவே 1959 முதல் பயனெட்டில் இருந்த நைக்கோன் எஃப், செய்தியாளர்களின் கையில் வேரூன்றிவிட்டிருந்தது.

திருகோணமலைக் கடலுக்கு இந்த வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் சிற்பத் துண்டுகளையும் 1956இல் சுவாமிமலைக்குக் கீழே கடலடியில் கண்டு படம் எடுத்தவர்கள் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும். அந்த நாட்களில் கடலுக்குள் படம் எடுப்பது என்றால் கரையில் பயன்படுத்தும் கமராவைத் தண்ணீர் புகாத கூட்டுக்குள் அடைத்துக்கொண்டு இறங்குவதே வழக்கம். சில ஆண்டுகளில் அந்தக் கூடே தேவைப்படாத கமரா வந்தது. கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காக பெல்ஜியரான ஷான் டி வவுட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ 1960இல் பிரான்ஸில் விற்பனைக்கு வந்தது. 1963இல் அதையே நைக்கோன் நிறுவனம் நைக்கோனோஸ் என்ற பெயரில் செய்யத் தொடங்கியது.

நைக்கோனோஸின் மவுண்ட் ஒரு பயனெட்தான், ஆனால் அதன் வேலை இரட்டிப்பு. லென்ஸின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், அதில் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ் பூச்சு. லென்ஸை உள்ளே அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் வளையம் நசுங்கிக் கடலை வெளியே நிறுத்தும். முதல் மூன்று மாதிரிகளில் கமராவே இரண்டு துண்டு: ஓர் உள்ளுடல், ஒரு வெளியோடு. இரண்டையும் கோத்துப் பிடித்திருப்பது லென்ஸ். லென்ஸைக் கழற்றினால்தான் கமராவைத் திறந்து ஃபிலிம் மாற்றலாம். மவுண்ட் ஒரு கமராவின் சாவியாகவே ஆனதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள், ஒரு தலைமயிர் சிக்கினாலும் போதும், உள்ளே கடல் புகுந்துவிடும்.

கடலுக்குள் இறங்காதவர்களுக்கும் கிண்ணியா போன்ற கரையோர ஊரில் மணலும் உப்புக் காற்றும் மவுண்டின் முதல் எதிரிகள். மரைக்குள் விழுந்த மணல் துகளைத் திருகல் பள்ளம் நெடுக இழுத்துக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் கீறும். பயனெட் முகத்தைத் துணியால் ஒரு முறை துடைத்தால் முடிந்தது. லென்ஸ் மாற்றும் நேரம் குறைவதால் கமராவின் உள்ளறை காற்றுக்குத் திறந்திருக்கும் நேரமும் குறைகிறது. மவுண்டின் விளிம்பில் ரப்பர் தடுப்பு வைக்கும் இன்றைய ஏற்பாடும் பயனெட்டோடு வந்ததுதான். அலுமினியமும் பித்தளையும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அலுமினிய மரை லென்ஸைப் பித்தளை வளையத்தில் மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் அது பிடித்துக்கொள்வது இதனால்தான். கடற்கரையில் வேலை செய்பவருக்கு பயனெட்டே மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

பணப்பையின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பு மாறும். பயனெட் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் சொந்தக் கதவு. நைக்கோன் தன் கதவை ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் காத்தது. கெனன் 1987இல் எஃப்.டி. மவுண்டை மூடிவிட்டு ஈ.எஃப். என்ற புதிய மவுண்டைத் திறந்தது. உள்விட்டம் 54 மி.மீ., நெம்புகோல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மின்தொடர்பு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் தொலைநோக்குள்ள முடிவுதான். ஆனால் எஃப்.டி.யின் தூரம் 42 மி.மீ., புதியதற்கு 44. பழைய லென்ஸைக் கண்ணாடி வைக்காத வளையத்தால் புதிய உடலில் ஏற்றினால் தொலைவானம் கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து லென்ஸ் வாங்கியவர்கள் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. லைக்கா 1954இல் விட்ட அந்த 1 மி.மீ. எவ்வளவு பெரிய மரியாதை என்பது கெனனின் இந்த 2 மி.மீ.யைப் பார்த்தால் விளங்கும்.

நிலைமையை மாற்றியது ஆடி இல்லாத கமரா. எஸ்.எல்.ஆரில் ஆடி மேலே எழ இடம் வேண்டும், அதனால்தான் 40 மி.மீ.க்கு மேற்பட்ட தூரம். ஆடி போனதும் தூரம் சுருங்கியது: 2010இல் வந்த சோனி ஈ மவுண்டுக்கு 18 மி.மீ., 2018இல் வந்த நைக்கோன் இசட்டுக்கு 16, கெனன் ஆர்.எஃப்.புக்கு 20. எம்42 லென்ஸின் 45.46இலிருந்து 18ஐக் கழித்தால் 27.46 மி.மீ. மிஞ்சுகிறது. அந்த நீளத்தில் ஒரு வெற்றுக் குழாய் போதும், ஹீலியோஸ் தொலைவானம்வரை பார்க்கும். தானாகக் குவியாது, கையால்தான் குவிக்க வேண்டும். ஆனால் கண்ணாடி அதே கண்ணாடி. 2022இல் ஒரு டொலர் சில மாதங்களுக்குள் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்டதை இலங்கையர் மறக்கவில்லை. இறக்குமதியாகும் புதிய லென்ஸின் விலையும் அந்த வேகத்தில்தான் ஏறியது. அலுமாரியில் கிடந்த பழைய மரை லென்ஸ் அந்த விலைகளுக்கு முன்னால் பெறுமதியான பொருள். வாங்குபவர் டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மரையின் முதல் சுற்று நசியாமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

மரை இன்னொரு இடத்திலும் அழியாமல் இருக்கிறது. 16 மி.மீ. சினிமாக் கமராக்களுக்காக வந்த சி-மவுண்ட் ஓர் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 32 சுற்று, 17.526 மி.மீ. தூரம். தொழிற்சாலைக் கண்காணிப்புக் கமராக்களில் இன்றும் அதே மரைதான். அதன் தம்பியான சி.எஸ். மவுண்டுக்கு 12.526, இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 மி.மீ. சி.சி.டி.வி. பொருத்தும் தொழிலாளி பெட்டிக்குள் கிடக்கும் 5 மி.மீ. வளையத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒருமுறை மாட்டிவிட்டுப் பல ஆண்டுகள் தொடாமல் விடும் லென்ஸுக்கு வேகமான பூட்டு எதற்கு? அதிர்வில் கழலாத, எவரும் செய்யக்கூடிய, மலிவான மரையே அங்கே பொருத்தம்.

பயனெட்டின் வேகத்தையும் கோண உறுதியையும் மரையின் பொதுமையோடு சேர்த்து வைக்க முடியாதா என்ற கேள்விக்கு இரண்டு திசைகளில் விடை நடந்துகொண்டிருக்கிறது. 2018இல் லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் எல்-மவுண்டைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. ஒரு நிறுவனத்தின் உடலில் மற்றவற்றின் லென்ஸ் தானாகக் குவிந்து, ஒளியளந்து வேலை செய்கிறது. கெனன் எதிர்த்திசையில் போனது. ஆர்.எஃப். மவுண்டுக்குத் தானியங்கிக் குவிய லென்ஸ் விற்ற சீன நிறுவனமான வில்ட்ரொக்ஸ், கெனன் கேட்டுக்கொண்டபடி 2022இல் விற்பனையை நிறுத்தியது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரோனுக்கும் உரிமம் வழங்குவதாக அறிவிப்பு வந்தபோதும், அதில் முதலில் வந்தவை சிறிய சென்சர் கொண்ட உடல்களுக்கான லென்ஸ்கள் மட்டுமே.